இழவு வீட்டு மாத்திரை

மாத்திரைக்காரி என்று மூன்று தெருவும் கூப்பிட்ட என் கொளஞ்சிக்கு,

உன் வருஷத் திதி அடுத்த வாரம் வருகிறது. நம் மகள் வளர்மதி ஜெயங்கொண்டத்திலிருந்து போன் செய்து, பஸ் ஸ்டாப்பில் பேனர் வைக்கலாம்ப்பா, நாலு வரி எழுதிக் கொடுங்க என்றாள். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நீங்காத நினைவில்' என்று எழுதியதோடு நின்றுவிட்டது. உன்னை நாலு வரிக்குள் அடைக்க என்னால் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்தால் துணை சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டுவதாக நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். ஊரே படித்தாலும் எழுதுவது உனக்குத்தான்.

முதலில் என் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதுவும் உன் காதில் ஏறாது. பிபி நேற்றுப் பார்த்ததில் நூற்று முப்பத்து நாலுக்கு எண்பத்து இரண்டு. கருவாடு மாதத்துக்கு ஒரு தடவைதான். ஊறுகாய் ஜாடியை வளர்மதி வந்தபோது தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்படியே உன் குரலில் பதில் பேசுவாள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

மகளிர் குழுவிலிருந்து ஒருத்தரை எடுத்து, வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலைக்கு அனுப்புகிறார்கள், என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீ வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் இருந்தேன். நீ பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தாய். நான் சட்டையில் இருந்த சிமெண்டுத் தூளைத் தட்டிக்கொண்டே சிரித்தேன்.

"ஒனக்கு என்னா தெரியும்னு ஊருக்கு மருந்து குடுக்கப் போற?"

"தெரியாதத கேட்டுக்குவேன். ஒங்களாட்டம் எல்லாம் தெரிஞ்ச மாரி பேசமாட்டேன்" என்றாய்.

நம் இரண்டு பேர் வீட்டிலும் அதுவரை யாரும் ஊருக்குச் சொல்கிற இடத்தில் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் குனிந்தே வாழ்ந்த ஜனம். நீ நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், பெரிய பெரிய மச்சு வீட்டுக்காரர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உனக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தெருமுனை டீக்கடையில் இருந்து நான் பார்ப்பேன். பெருமையாக இருந்தது. உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

என்ன கேள்விகள் கேட்பார்கள் உன்னை. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எதிர் வீட்டு ராசாமணிக்கு ஒரே பயம். "மாத்திர போட்டுக்கிட்டே இருந்தா கிட்னி போயிடுமாமே கொளஞ்சி?" நீ பையை இறக்கி வைத்துவிட்டு, "போடாம பிபிய ஏத்தி வச்சிருந்தாத்தான் கிட்னி போவும். மூட்டு வலின்னு கடையில சொல்லி வாங்கிப் போடுறியே, அத நிறுத்து மொதல்ல. அதுதான் கிட்னிக்கு ஆவாது" என்றாய். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வலி மாத்திரையை உன் கையில் கொடுத்தாள்.

மாரியம்மன் கோயில் பூசாரிக்கு வேறு சந்தேகம். "சீனிதான ஆவாது. நாட்டுச்சக்கர போட்டுக் குடிச்சா சுகர் ஏறாதாமே?" அவரிடம் நீ சொன்ன பதில் மூன்று தெருவிலும் சுற்றி வந்து கடைசியில் ஆலை கேண்டீனில் என் காதுக்கே வந்தது. "எந்த ஊர்ல எந்தப் பேரு வச்சிக் கும்பிட்டாலும் ஆத்தா ஒருத்திதானுங்களே பூசாரி ஐயா. சக்கரையும் அப்புடித்தாங்க." பூசாரி ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்.

என் அண்ணன் பெரியசாமி இருக்கிறாரே, அவர் கேள்வி கேட்கமாட்டார். செய்துவிட்டுத்தான் சொல்வார். "நேத்து மாத்திர மறந்துட்டேன். இன்னிக்கி சேத்து ரெண்டா முழுங்கிட்டேன்." நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "நேத்து தண்ணி காட்ட மறந்த வெங்காயத்துக்கு இன்னிக்கி ரெண்டு மடங்கு பாய்ச்சுவீங்களா மாமா? அழுவிப் போவாது? மறந்தா மறந்ததுதான். இனிமே ரெண்டா மட்டும் போடாதீங்க, என்னைக் கேளுங்க." அன்று சாயங்காலம் வரை மூன்று தடவை போய் அவரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய்.

தெரியாததும் வரும். ராசாமணி மருமகள் சுகன்யா ஒரு நாள், தைராய்டு மாத்திரை போட்டவுடனே டீ குடிக்கலாமா அக்கா என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது புள்ள. கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். மத்தியானம் நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் திரும்பவும் தெருவில் இறங்கினாய். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடணும், டீக்கு ஒரு மணி நேரமாவது பொறுக்கணும் என்று சொல்வதற்காக ஒரு நடை. இதுக்கா இந்த வெயில்ல போற என்று நான் கத்தினேன். நீ குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாய். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆலையில் முப்பது வருஷம் இருந்தேன், ஒரு சூபர்வைசர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

இன்னொன்று செய்வாய். அதற்காக நான் உன்மேல் கோபப்பட்டதும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்ததும் வீட்டு ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, சிரிங்க, ரெண்டு கையையும் தூக்குங்க, பேரைச் சொல்லுங்க என்பாய். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ கொஞ்ச நேரம் படுத்தால் சரியாயிடும் என்று விடக்கூடாது, மணியைப் பார்த்துக்கொண்டு 108க்கு அடிக்கணும் என்பாய். சின்னப் பிள்ளைகள் உன்னைப் போலவே நடித்துக் காட்டித் தெருவில் விளையாடின. ஊர் சிரிக்குது, கூத்தாடி மாரி இதெல்லாம் தேவையா என்றேன் நான். சிரிச்சா நல்லதுதான, வாய் கோணலையான்னு தெரியும் என்றாய்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ எனக்குக் கொடுத்த மாத்திரையை நான் ஒழுங்காகப் போட்டதில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன், மூட்டை தூக்குகிற உடம்புக்கு என்ன என்று ஒரு திமிர். நீ மாதம் ஒரு தடவை பிபி பார்க்கிற நாளுக்கு மூன்று நாள் முன்னால் இருந்து மட்டும் போடுவேன். உப்பையும் குறைத்துக்கொள்வேன். மற்ற நாள் மாத்திரையெல்லாம் கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்கடியில் போனது. என் கையில் பட்டையைச் சுற்றும்போது சில நாள் என் முகத்தைப் பார்ப்பாயே. தெரிந்துதான் பார்த்தாயா?

உனக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கட்டி என்று திருச்சியில் கண்டுபிடித்தபோது முற்றிப் போயிருந்தது. அது சத்தமில்லாமல் வருகிற நோய், யாருடைய தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நீ அவரையும் கேள்வி கேட்டாய். "இன்னும் எத்தன நாள் எந்திரிச்சி ஒக்காருவேன் சார்? அதுக்குள்ள எங்க தெருவுக்கு மாத்திரையப் பிரிச்சி வச்சிடணும்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று மாதம் இருந்தாய். கடைசியில் நர்ஸம்மா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாத்திரைகளைக் கட்டிலில் சாய்ந்தபடி ஆளுக்கொரு கவரில் பிரித்தாய். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை. எழுத்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று ஆளுக்கும் ஒரு படம் போட்டாய். ராசாமணிக்கு ஆடு, பூசாரிக்குச் சூலம், என் அண்ணனுக்கு அவர் கையை விட்டு இறங்காத குடை. எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாய். "ஒண்ணாந்தேதி எல்லாரையும் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் நீ போய்விட்டாய்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. இழவு வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போகமாட்டார்கள். போயிட்டு வரேன் என்று சொல்லமாட்டார்கள், எழுந்து பேசாமல் போவார்கள். வீட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் தீட்டுக்காரனான நான் அடுத்தவர் வாசலை மிதிக்கக்கூடாது. உன் பாய், தலையணை, கட்டியிருந்த சேலை, நீலப் பை, பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் பெண்கள் ஒரு மூலையில் குவித்து வைத்தார்கள். கருமாதி அன்று ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போடுவதற்கு. நான் அந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை.

நர்ஸம்மா உன் சாவுக்கு வந்தபோது, மாத்திரையெல்லாம் கொளஞ்சி பிரிச்சி வச்சிருந்துச்சே, குடுத்தாச்சா என்று கூட்டத்தில் யாரையோ கேட்டாராம். அந்த யாரோ, குடுத்தாச்சி என்று சொன்னாராம். இழவு வீட்டில் யார் எதைக் கேட்டு யார் பதில் சொல்கிறார்கள்?

பன்னிரண்டாம் நாள் காலையில் ராசாமணி ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் வாளியைக் கீழே விட்டாள். திரும்ப எடுக்கப் பார்த்தாள், வலது கை பிடிக்கவில்லை. மாமியார் தடுமாறுவதைப் பார்த்த சுகன்யா ஓடிவந்து எதிரில் நின்றாள். இதெல்லாம் என் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்த, சிரிங்க."

ராசாமணியின் உதடு ஒரு பக்கம்தான் நகர்ந்தது.

"கையத் தூக்குங்க. ரெண்டையும். பேரச் சொல்லுங்க அத்த."

வலது கை பாதியில் நின்றது. பேச்சு குழறியது. சுகன்யா அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மணியைப் பார்த்தாள், போனை எடுத்தாள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது வரைக்கும் சொன்னாள். பக்கவாதம், நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்று அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை அப்படியே நின்றிருக்குமாம்.

கொளஞ்சி, நீ செத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு உசுரைக் காப்பாற்றினாய். நான் கூத்து என்று சொன்ன அந்தக் கூத்துதான் காப்பாற்றியது.

சாயங்காலம் சுகன்யா மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். என் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"ஏம்மா, ஒன் மாமியா மாத்திர ஒழுங்காப் போட்டுச்சா?"

"தீந்து பத்து நாளாச்சிங்க மாமா."

"இங்கதான இருக்கு. வந்து வாங்கிக்கறதுக்கென்ன?"

அவள் துணிப்பையின் காதைத் திருகினாள். "இழவு வூட்டுல வந்து எப்புடிங்க மாமா மாத்திர கேக்குறது? நீங்களே இடிஞ்சி போயி ஒக்காந்திருக்கீங்க. நான் சொன்னேன், அத்ததான் பதினாறு முடியட்டும்னுச்சி. யாருமே வாங்கலயே மாமா."

யாருமே வாங்கவில்லை. உள்ளே போய் அந்த மூலைக் குவியலைக் கலைத்தேன். உன் சேலைக்கு அடியில் டப்பா இருந்தது. நீ போகும்போது இருந்தபடியே இருந்தது. மேலேயே ஆட்டுப் படம். இன்னும் நாலு நாள் போயிருந்தால் அத்தனையும் ஏரிக்கரைக்குப் போயிருக்கும், என் கையாலேயே. உன்மேல் இருந்த மரியாதையில்தான் அவர்கள் கேட்கவில்லை. அந்த மரியாதை ராசாமணியைக் கொல்லப் பார்த்தது. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் போல வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை.

டப்பாவின் அடியில் கடைசிக் கவர் ஒன்று கிடந்தது. அதில் என் மீசையை வரைந்திருந்தாய். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு அடுப்படிக்குப் போய், சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டு, நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பதறிப் போனார். பத்து நாள் விட்டுப்போனதற்கு ரெண்டு ரெண்டாகப் போடணுமா என்று கேட்டேன். "அய்யய்யோ, வேணாங்க. எப்பவும் போல ஒண்ணுதான். ஒடனே குடுத்துடுங்க. காலையில மொத வேலையா நான் வந்து எல்லாருக்கும் பாக்குறேன்" என்றார். என் மாத்திரையைப் போட்டேன். செடிக்குப் போடாமல் நானே போட்ட மாத்திரை. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

வாசல்படி இறங்கும்போதே என் அண்ணன் குடையை நீட்டி மறித்தார்.

"எங்கடா போற? கருமாதி முடியாம தெருவுல எறங்குவியா? பங்காளிங்க அத்தன பேருக்கும்தான்டா தீட்டு."

"ராசாமணிய ஆஸ்பத்திரியில போட்டுருக்குண்ணே. மாத்திர இல்லாமத்தான்."

"நாலு நாளு பொறு. நாலு நாள்ல என்னா ஆயிடப் போவுது?"

"இததான்ண்ணே ராசாமணியும் சொல்லிருக்கு" என்றேன். "நீ எத்தன நாளா போடல?"

குடைப் படம் போட்ட கவரை அவர் கையில் திணித்தேன். வாங்கிக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை. நான் நடந்தேன். இவன் புத்தி பேதலிச்சிப் போச்சி என்று பின்னால் சொல்வது கேட்டது.

முதலில் போனது பூசாரி வீடு. வாசலைத் தாண்டவில்லை, தெருவிலேயே நின்று கூப்பிட்டேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். ஐயா, கொளஞ்சி உங்களுக்கு எடுத்து வச்சது என்று கவரை நீட்டினேன். அவர் சூலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊருக்கே நல்லது கெட்டது சொல்கிற இவர் வாங்க மறுத்தால் மற்ற வீடுகளும் கதவைச் சாத்தும். உன் டப்பா ஏரிக்கரைக்குத்தான் போகும்.

"செவுத்து மேல வை" என்றார்.

வைத்தேன். உள்ளே போனவர் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். ஏதோ முணுமுணுத்து வேப்பிலையால் மூன்று தடவை கவர்மேல் தெளித்தார். எடுத்து வேட்டியில் துடைத்தார். உள்ளே அட்டையில் இருக்கிற மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது. அப்படியே நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கலியபெருமாளு, போன மாசம் மாத்திர உருண்டையால்ல இருந்துச்சி. இது நீட்டா இருக்கே. மாத்திக் கீத்தி வச்சிடுச்சா அந்தப் புள்ள?"

எனக்கு என்ன தெரியும்? நான் முப்பது வருஷம் சிமெண்டு மூட்டை கட்டினவன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாய் வந்தது. பிறகு உன் வாயில் கேட்டது என் வாயில் வந்தது.

"தெரியாதுங்கய்யா. கேட்டுச் சொல்றேன்."

தெருவில் நின்றபடியே போன் போட்டேன். கம்பெனி மாறினால் வடிவமும் கலரும் மாறும், அட்டையில் இருக்கிற பேரும் அளவும் அதேதானா என்று பார்க்கணும் என்று நர்ஸம்மா சொன்னார். படிக்கச் சொல்லி எழுத்து எழுத்தாகக் கேட்டார். அதேதான். பூசாரி தலையாட்டினார். அதற்குள் எதிர்த்த வீட்டில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தயாராக நின்றது. அதற்கு அடுத்த வீட்டிலும். கொளஞ்சி, அன்று ஊர் அடங்குவதற்குள் உன் மாத்திரைக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆனால் வாங்கினார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் வாங்கினார்கள். வாங்கும்போது ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சாமிக்கு விரதம் இருக்கிற அன்று சுகர் மாத்திரை போடலாமா? கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடிக்கலாம்? ராத்திரி மாத்திரையைச் சாயங்காலமே போட்டுக்கொண்டால் என்ன? பன்னிரண்டு நாளாக அடைத்து வைத்திருந்த கேள்விகள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. எல்லாவற்றையும் கை முழுக்கப் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் நர்ஸம்மா வந்தபோது அவரோடு கூடவே நடந்து ஒவ்வொரு வீட்டிலும் பதிலைச் சொன்னேன்.

ஒரு மாதம் அந்தப் பையை நான்தான் சுமந்தேன். அதற்கப்புறம் உன் இடத்துக்கு ஆள் வந்தது. யார் தெரியுமா? சுகன்யா. யாரைப் போடலாம் என்று குழுவில் கேட்டபோது வேறு பேரே எழவில்லையாம். நான் அவளுக்குப் பையைக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ராசாமணி ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். கை எழுந்துவிட்டது. நாக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தடுக்குகிறது. அதனால் முன்பைவிட அதிகமாகப் பேசுகிறாள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான்.

அண்ணி போய்விட்டார். தூக்கத்திலேயே போன சாவு. விடியற்காலையில் சேதி பரவி, எட்டு மணிக்கெல்லாம் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பிணம் எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளி வீட்டிலும் யாரும் வாயில் தண்ணீர் வைக்கமாட்டார்கள். சென்னையிலிருந்து மகன் வரவேண்டும், எடுக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி இருக்கும். அண்ணன் மாத்திரை போடுகிற நேரம் தாண்டிப் போயிருந்தது. ஆனால் அண்ணி பிணத்துக்கு முன்னால் நின்று அவரிடம் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒரு வருஷம் கழித்தும் எனக்கு வாய் வரவில்லை.

பெண்கள் கூட்டத்திலிருந்து ராசாமணி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தடுக்குகிற நாக்கோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாத்திர போடுறவங்கல்லாம் கொஞ்சம் எந்திரிங்க. எங்க வூட்டுல இட்லி அவிச்சி வச்சிருக்கு. ரெண்டு தின்னுட்டு மாத்திரையப் போட்டுட்டு வந்து அழுவுங்க. பொணம் எங்கயும் போயிடாது."

ஒப்பாரி நின்றுவிட்டது. பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எல்லார் கண்ணும் அண்ணன்மேல்தான் இருந்தது. அவர் எழாமல் மற்றவர்கள் எப்படி எழுவார்கள்?

அண்ணன் ரொம்ப நேரம் அண்ணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை ஊன்றி எழுந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தப் புள்ள இருந்தா இந்நேரம் வரைக்கும் என்னை வுட்டுருக்குமாடா?"

அவர் பின்னால் பூசாரி போனார். அப்புறம் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் பாதிப் பந்தல் காலியானது. சுகன்யா ராசாமணி வீட்டு வாசலில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். அண்ணன் கையில் இன்னொரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். எங்கள் அப்பா செத்தபோதுகூட நாங்கள் அப்படிச் சேர்ந்து அழுததில்லை.

நம் ஜனத்துக்கு எத்தனையோ வழக்கம் யார் யாரோ போட்டுக் கொடுத்தது. இந்த ஒரு வழக்கம் நீ போட்டது கொளஞ்சி. வெங்காயக் காட்டில் குனிந்து நின்றவள் போட்டது. பேனரில் இதை எப்படி எழுதுவது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் இந்த மூன்று தெருவில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும், அன்றைக்கே அந்த வாசலில் போய் நான் நிற்பேன். தீட்டு, சடங்கு எதுவும் என்னைத் தடுக்காது. அவங்க அவங்க மாத்திரை போட்டாங்களா என்று கேட்டுவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பேன். இன்னொரு தடவை வாய் வராமல் நிற்கமாட்டேன். என் முறை வரும்போது கேட்க ஆள் வேண்டுமே என்று நேற்று ராசாமணியிடம் சொல்லி வைத்துவிட்டேன். என் பிணத்தைப் போட்டுக்கொண்டு வளர்மதி எவ்வளவு அழுதாலும் சரி, அவளுக்கும் பிபி ஆரம்பித்திருக்கிறது, முதலில் இரண்டு இட்லி தின்ன வைக்கணும் என்று. ராசாமணி என்னைத் திட்டினாள். அப்புறம், சரி, தொட்டுக்க என்னா சட்னி வைக்கட்டும் என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கித் திருந்தாமல், நீ போன பிறகு திருந்திய
உன் வீட்டுக்காரன்,
கலியபெருமாள்